மங்கல் படங்களுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எடுக்கும் பறவை, விலங்குப் படங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நல்ல காரியம். அந்தப் பக்கத்தின் அடியில் 'தெளிவான படங்கள் மட்டுமே ஏற்கப்படும்' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதம் அந்த வரியைப் பற்றியது.

அந்த வரி இருக்கும்வரை மீன்கொத்தியும் மயிலும் தேன்சிட்டும்தான் வந்துகொண்டிருக்கும். அவை அருகில் வரும், அசையாமல் நிற்கும், வண்ணமாகவும் இருக்கும். ஒரு தாலுகாவில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பதிவு செய்கிறவர்களுக்கு வேண்டியதோ பெரும்பாலும் மற்ற படங்களில் கிடக்கிறது. பாதி உடம்பு இலைக்குள் மறைந்தது, வாலைக் காட்டிப் பறந்து போவது, அறுபது மீட்டர் தள்ளி ஒரு புள்ளியாகத் தெரிவது. எடுத்தவரே வெட்கப்பட்டு அழித்துவிடும் படங்கள் இவை. பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் எங்களுக்கு இவற்றில்தான் வேலையும் அதிகம், பலனும் அதிகம்.

குளிர்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் பின்புறத்தை ஆட்டிக்கொண்டு மேயும் உள்ளான்களைப் பாருங்கள். கிரீன், உட், காமன் என்று பறவை நோக்குவோர் பிரிக்கும் மூன்று சாண்ட்பைப்பர்களும் தூரத்தில் நிற்கையில் ஒரே அச்சாகத் தெரியும். பறந்தால் குட்டு வெளிப்படும். கிரீனுக்கு இறக்கையின் அடிப்பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பு, வாலடி (முதுகு முடிந்து வால் தொடங்கும் இடம்) பளிச்சென்ற வெள்ளை. உட்டுக்கு வாலடி வெள்ளைதான், இறக்கையின் அடிப்பக்கம் வெளிர். காமனுக்கு வாலடியில் வெள்ளை கிடையாது, இறக்கையின் மேல் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஆக, தூரத்தில் நிற்கும் பறவையின் கூர்மையான படத்தைவிட, பதறிப் பறந்துபோன நொடியில் எடுத்த கலங்கல் படம் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். வயலில் காலடியிலிருந்து கிளம்பும் ஸ்னைப் என்ற நீள அலகு உள்ளானுக்கும் இதே கதைதான். விரிந்த இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் காமன் ஸ்னைப். கோடே இல்லையென்றால் பின்டெயில் ஸ்னைப் பக்கம் யோசிக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது இந்த விளிம்பு மடங்கி மறைந்துவிடுகிறது.

வெள்ளைக் கொக்குகளில் வேறொரு சிக்கல் உண்டு. பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் அலகின் நிறத்தை வைத்துப் பிரிக்கப் பலர் முயல்கிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் அலகு கறுத்துவிடுவதால் அது கைகொடுக்காது. வாயின் பிளவுக் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. பக்கவாட்டில் எடுத்த சுமாரான படம் இதற்குப் போதும். நேர் எதிரே நின்று எடுத்த அழகான படத்தில் இந்தக் கோடு தெரியவே தெரியாது.

வண்ணத்துப்பூச்சிகளில் கறிவேப்பிலை அழகியின் பெண், பறவைகள் தின்னத் தயங்கும் ரோஜா அழகியைப் போலவோ சிவப்புடல் அழகியைப் போலவோ வேடமிட்டிருக்கும். வண்ணத்துப்பூச்சிப் படம் எடுக்கிறவர் எல்லோரும் இறக்கையைத்தான் குறிவைப்பார்கள். ஏமாறுவதும் அங்கேதான். உடம்பு சிவப்பா கறுப்பா என்று தெரிந்தால் கதை முடிந்தது. அசல் அழகிகள் இரண்டுக்கும் உடம்பில் சிவப்பு உண்டு, வேடதாரிக்கு உடம்பு கறுப்பு. இறக்கை கிழிந்திருக்கட்டும், பாதி ஃபோகஸ் விட்டுப்போயிருக்கட்டும், உடம்பின் நிறம் தெரிகிற ஒரு படம் போதும்.

பாம்புப் படங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வந்த பாம்பின் படம் என்று வருபவற்றில் கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப எழுகிறது. முன்னது கொடிய நஞ்சுள்ளது, பின்னது நஞ்சற்றது. வரையனுக்கு வெள்ளைப் பட்டைகள் கழுத்தருகிலேயே தொடங்கி வால் பக்கம் போகப்போக மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைக்குப் பின் கொஞ்ச தூரம் பட்டை இருக்காது. அப்புறம் மெல்லிய கோடுகளாக, பல இடங்களில் இரண்டிரண்டாகத் தொடங்கி வால்வரை தெளிவாகப் போகும். முதுகின் நடுவே ஓடும் செதில் வரிசை மற்ற செதில்களைவிடப் பெரிதாக அறுகோணமாக இருந்தால் கட்டுவிரியன் என்பது உறுதி. இதற்காக ஒருவரும் கிட்டே போக வேண்டியதில்லை. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, தலை ஒன்று, நடு முதுகு ஒன்று, வால் ஒன்று என மேலிருந்து மூன்று படம் எடுத்தால் போதும், ஆடியிருந்தாலும் பரவாயில்லை. கடித்துவிட்டால் படத்துக்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இங்கே கொடுக்கப்படும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. மருத்துவர் அறிகுறிகளையும் இரத்தம் உறைகிறதா என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார், பாம்பின் படத்துக்காகக் காத்திருக்க மாட்டார்.

படம் ஏன் மோசமாக வருகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 30 செ.மீ. நீளமுள்ள பறவை, மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது, 50 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கைபேசியின் 1எக்ஸ் கேமராவில் 12 மெகாபிக்சல் படத்தில் அது ஏறக்குறைய 17 பிக்சல் நீளம்தான் வரும். கைபேசித் திரையில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாலும் அதே 17 பிக்சல்தான், ஊதிக் காட்டப்படும். 8 மடங்கு பெருக்கும் இருகண்நோக்கி (பைனாகுலர்) வழியாக அதே கைபேசியில் எடுத்தால் சுமார் 140 பிக்சல். 24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆரில் 400 மி.மீ. லென்ஸ் போட்டால் சுமார் 600. நிகான் பி900 போன்ற சூப்பர்ஜூம் கேமராவை 2000 மி.மீ. வரை நீட்டினால் 1500 வரும். இருகண்நோக்கி தரும் 140 பிக்சலே பல இனங்களை அடையாளம் காணப் போதும். லட்ச ரூபாய் லென்ஸ் இல்லையே என்று ஏங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

கைபேசியை இருகண்நோக்கியில் வைத்து எடுக்கப் பழக்கம் வேண்டும். கண்வைக்கும் குழாயின் ரப்பர் வளையத்தைச் சுழற்றி, கைபேசி லென்ஸ் கண்ணாடியிலிருந்து ஒன்று இரண்டு செ.மீ. தள்ளி நிற்கும்படி பாருங்கள். கிட்டே போனாலும் விலகினாலும் கறுப்பு வட்டம் வந்து படத்தை விழுங்கும். மூன்று கேமரா உள்ள கைபேசி தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், உடனே திரை இருண்டுவிடும். முதன்மைக் கேமராவிலேயே நிறுத்தி, இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் வட்டமும் ஓரத்துக்குப் போய்விடும். பறவையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, ஒலி பொத்தானால் படம் எடுங்கள். திரையைத் தட்டினால் எல்லாம் ஆடும். முழங்கைக்குச் சுவரோ வண்டியின் இருக்கையோ முட்டுக் கொடுக்க வேண்டும். இருபது எடுத்தால் இரண்டு தேறும், அதுவே நல்ல கணக்கு.

கேமரா வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, கூட்டினால் படம் பொரிபொரியாக வருமே என்று பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பொரியில் இறக்கைக் கோடு தப்பிக்கும், அசைவில் தப்பிக்காது. உட்கார்ந்த பறவைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி என்று முதலில் வைத்துவிட்டு ஐ.எஸ்.ஓ. 3200 வரை போகிறதா, போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். வானத்தை நோக்கிப் பருந்தை எடுத்தால் வெறும் கறுப்பு நிழல்தான் விழும். கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானில் +1 முதல் +2 வரை ஏற்றுங்கள். வானம் வெளுத்துப் போகும், வயிற்றுக் கோடுகள் தெரியும். வெயிலில் நிற்கும் கொக்குக்கு −1. புதருக்குள் இருக்கும் கதிர்க்குருவிக்கு ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைக்காவிட்டால் முன்னால் உள்ள குச்சிதான் கூர்மையாக வரும். உப்பளத்திலும் வற்றிய ஏரியிலும் காலை ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும். அதற்கு எந்த லென்ஸாலும் பரிகாரம் கிடையாது. வேதாரண்யம் உப்பளங்களில் மதியம் எடுத்த படங்களில் பூநாரைகள் நெளிவது கேமராவின் கோளாறு என்று நினைத்துப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் படத்தை நின்ற இடத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும். பறவை பறந்து போனாலும் அந்தப் புள்ளி கையில் இருக்கும். பிறகு பக்கவாட்டு, முதுகு, வயிறு, பறக்கும்போது என்று கிடைத்ததை எல்லாம் எடுக்கலாம். ஆய்வாளர்கள் காலில் எழுத்துக் குறியீட்டோடு வளையமோ கொடியோ மாட்டிய கரையோரப் பறவையானால் ஒரு படத்தோடு நிறுத்தவே கூடாது. ஒன்றில் முதல் எழுத்து தெரியும், இன்னொன்றில் கடைசி எழுத்து. பத்துக் கெட்ட படங்களைச் சேர்த்து வைத்துத்தான் முழுக் குறியீட்டை வாசிக்க முடிகிறது. எந்தக் காலில், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினால் அந்தப் பறவைக்கு எங்கே வளையம் மாட்டினார்கள் என்று தேடிச் சொல்வார்கள்.

படம் மங்கலாக இருப்பதைவிட, அது எப்போது எங்கே எடுத்தது என்று தெரியாமல் போவதுதான் அதைக் குப்பையாக்குகிறது. பேட்டரியை வெகுநாள் கழற்றி வைத்த கேமராவில் கடிகாரம் தன் தொடக்கத் தேதிக்குப் போய்விடும். வலசை வரும் பறவை ஜூன் மாதத்தில் எடுத்ததாகப் பதிவானால் சரிபார்ப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். இதற்கு எளிய வழி உண்டு. அன்றைய முதல் படமாகக் கைபேசியின் கடிகாரத்தைக் கேமராவில் எடுத்து வையுங்கள். எத்தனை மணி நேரம் பிசகு என்று பின்னால் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளலாம். பெரும்பாலான பெரிய கேமராக்களில் ஜி.பி.எஸ். கிடையாது. அதே இடத்தில் கைபேசியிலும் சும்மா ஒரு படம் எடுத்தால் இடக்குறிப்பு கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, தேதியையும் இடத்தையும் உதறிவிடும். ஆவணம் என்ற வழியில் இணைத்தால் கோப்பு அப்படியே போகும். ஸ்கிரீன்ஷாட்டில் எதுவுமே மிஞ்சாது. கேமராவின் பின்திரையைக் கைபேசியில் எடுத்து அனுப்புவது அவசரத்துக்குப் பரவாயில்லை, மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

மெருகேற்றுவது பற்றிக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவு, 17 பிக்சல் பறவைக்கு இறகு வரிகளைத் தானே வரைந்து கொடுக்கிறது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரிகள் அந்தப் பறவையின் மேல் இல்லை, எங்கோ பார்த்த ஆயிரம் பறவைகளின் சராசரி. மங்கல் படம் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறது, மெருகேறிய படம் புளுகுகிறது. குச்சியை அழித்த படம், நிறத்தை ஏற்றிய படம், பறவையின் வயிற்றுக்குக் குறுக்கே பெயரை எழுதிய படம் எதுவும் பதிவுக்கு உதவாது. வெட்டலாம், வெளிச்சத்தைக் கூட்டலாம், அவ்வளவுதான். வெட்டும்போதும் சுற்றிக் கொஞ்சம் சேறோ இலையோ இருக்கட்டும். பறவை எவ்வளவு பெரியது என்று அதுதான் சொல்லும்.

கெட்ட படங்களை வாங்கிக்கொள்ளும் இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் இணையதளத்தில் பறவைப் பட்டியலோடு படத்தையும் இணைக்கலாம். ஐந்து நட்சத்திர அளவுகோலில் ஒற்றை நட்சத்திரப் படத்துக்கும் அங்கே இடம் உண்டு. அந்த மாவட்டத்தில், அந்த மாதத்தில் எதிர்பாராத பறவை என்றால் அமைப்பே கேள்வி கேட்கும். அப்போது ஒற்றை நட்சத்திரப் படம் பத்து வரி வருணனைக்குச் சமம். ஐ-நேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் எந்த உயிரையும் பதியலாம். தேதி, இடம், படம் ஆகியவை இருந்து, அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இனப்பெயரில் ஒத்துப்போனால் அது ஆய்வுத் தரம் என்ற நிலைக்கு உயரும். அதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அங்கே நடக்கும் பெரிய தவறு, கணினி முன்மொழியும் முதல் பெயரை அப்படியே தொட்டுவிடுவது. படம் மோசமானால் முன்மொழிவும் மோசமாகும். நம் ஊர்ப் பூச்சிக்கு அமெரிக்கப் பெயர் ஒட்டிக்கொள்ளும். தெரியாவிட்டால் 'பறவை', 'தும்பி', 'சிலந்தி' என்று நிறுத்திக்கொள்வது கௌரவக் குறைச்சல் அல்ல.

கெட்ட படத்தை வைத்து எதையும் நிறுவலாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. 2004 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலச் சதுப்பில் எடுத்த நான்கு நொடிக் கலங்கல் காணொளியை வைத்து, 1944-க்குப் பிறகு ஐயமின்றிக் காணப்படாத ஐவரி-பில்டு மரங்கொத்தி உயிரோடு இருக்கிறது என்று மறு ஆண்டு அறிவித்தார்கள். அதே உருவமுள்ள பைலியேட்டட் மரங்கொத்திக்கு இறக்கையின் அடியில் முன்பாதி வெள்ளை. ஐவரி-பில்டுக்குப் பின்விளிம்பு வெள்ளை. கலங்கலில் இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிட்டதால் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. 2021-இல் அது அற்றுப்போனதாக அறிவிக்க அரசு முன்மொழிந்தது. 2023-இல் 21 உயிரினங்களை அற்றுப்போனவை என்று பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியபோது இதைத் தொடவில்லை. மறுபக்கம், போர்னியோ தீவில் 1840-களில் கிடைத்த ஒற்றை மாதிரியைத் தவிர யாரும் பார்த்திராத கரும்புருவச் சிலம்பன் என்ற பறவையை, 2020 அக்டோபரில் தெற்குக் கலிமந்தானைச் சேர்ந்த இரண்டு உள்ளூர்க்காரர்கள் பிடித்துப் படமெடுத்து விட்டுவிட்டார்கள். என்ன பறவை என்று அவர்களுக்குத் தெரியாது. அறிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். அனுப்பியதுதான் முக்கியம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. தெளிவான படம் வேண்டும் என்ற ஆசைதான் ஆட்களைக் கூட்டுக்கு அருகில் இழுத்துச் செல்கிறது. மறைவாக இருந்த கிளையை ஒடித்துக் கூட்டைத் திறந்து வைக்கிறார்கள். தாய் பறந்ததும் உச்சிவெயிலில் குஞ்சு வாடுகிறது, காக்கை முட்டையைத் தூக்குகிறது. பகலில் ஆந்தையைக் கிளப்பிவிட்டால் மற்ற பறவைகள் சூழ்ந்து துரத்தும். தேவாங்கின் கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் அது சிறிது நேரம் குருடாகிக் கிளையிலேயே உறைந்துபோகும். ஐம்பது மீட்டரில் நின்று எடுத்த மோசமான படத்துக்கும் பத்திரிகையில் இடம் உண்டு என்று தெரிந்தால், அந்த ஐம்பது மீட்டரைக் கடக்கப் பலருக்குத் தேவை இருக்காது.

எனவே அந்தப் பக்கத்தில் கால் பத்தி ஒதுக்கித் தாருங்கள். நிபந்தனைகள் வேண்டும்: மூலக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், தேதி, நேரம், கிராமம், தாலுகா, எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது என்ற விவரம் வேண்டும், கூட்டின் படம் கூடாது. நட்சத்திர ஆமை, தேவாங்கு, எறும்புத்தின்னி, ஆந்தை தங்கும் மரம் ஆகியவற்றுக்கு மாவட்டப் பெயரோடு நிறுத்திவிடுங்கள். பிடித்து விற்கிறவர்களும் செய்தித்தாள் படிக்கிறார்கள். ஐ-நேச்சுரலிஸ்டும் இத்தகைய உயிர்களின் இடத்தைச் சுமார் 22 கி.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குள் மறைத்துத்தான் காட்டுகிறது. இன்னொரு வேண்டுகோள், உரிமையோடு கேட்கிறோம்: கிணற்றிலிருந்து மீட்கும் ஒவ்வொரு கூகையையும் 'அரிய வகை ஆந்தை' என்று தலைப்பிடுவதை நிறுத்துங்கள். கூகை நம் ஊர்க் கோயில் கோபுரங்களில் காலங்காலமாகக் குடியிருக்கிறது.

படத்தின் கீழ் எழுதும் குறிப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறோம். இது நிஜப் பதிவு அல்ல, அமைப்புக்காக மட்டும்:

'ஜனவரி 15, காலை 7.20. வேப்பமரம், சுமார் 40 மீட்டர். கைபேசியும் இருகண்நோக்கியும். வல்லூறு போன்ற சாம்பல் முதுகு, வாலில் பட்டைகள். அலகு கொக்கிபோல் வளையாமல் நேராகத் தெரிவதால் அக்காக்குயிலாக இருக்கலாம். முகம் இலையில் பாதி மறைந்துள்ளது. உறுதியில்லை. தெரிந்தவர்கள் எழுதவும்.'

இப்படிக்கு,
பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் சிலர்,
திருநெல்வேலி.